பன்னிரண்டாவது தாள்

மகளே,

நீ அடுத்த அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாய். டேப்பை இழுத்துக் கிழிக்கும் சத்தம் இங்கே கேட்கிறது. இடையில் ஒரு சுவர்தான். எழுந்து வந்து சொல்ல வேண்டியதை இந்த மனுஷன் ஏன் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று நீ கேட்பாய். முப்பத்து மூன்று வருடம் அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதியே சாப்பிட்டவன் நான். வாயால் சொன்னால் பாதி வழியில் கதையை என் பக்கம் திருப்பிவிடுவேன். அந்தக் கெட்டித்தனம் எனக்கு உண்டென்று உனக்கும் தெரியும். எழுத்தில் அது கொஞ்சம் கஷ்டம், அடித்துத் திருத்திய இடமெல்லாம் தெரிந்துவிடும். ஆகையால் பேனாவை எடுத்தேன்.

இன்னும் பத்து நாளில் நீ பெர்த்துக்குப் போகிறாய். முப்பத்தொன்பது வயதில், தனியாளாக, தெரியாத ஊரில் படிப்பிக்கப் போகிறாய். பிள்ளை வெளிநாடு போகும்போது அப்பன்மார் என்னென்னவோ புத்தி சொல்வார்கள். குளிருக்குக் காதை மூடு, கோயில் எங்கே இருக்கிறதென்று முதலில் பார், வாரம் ஒருமுறை போன் எடு. எனக்கு அதெல்லாம் வாயில் வரவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இதே பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஆட்களைக் கூட்டிப் பழைய போர்ட் வைன் ருசி பார்க்கிறோம் என்று ஒரு கூத்து நடத்தினேனே, அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். நீ குசினிக்கும் ஹாலுக்கும் நூறு தரம் நடந்தாய். எல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கும். ஒன்றே ஒன்று மட்டும் உனக்குத் தெரியாது.

எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்ததே என் பழைய வெள்ளைக்கார அதிகாரியால். சுதந்திரத்துக்குப் பிறகும் சில வருடம் இங்கே இருந்துவிட்டுப் போனவர். வருடத்தில் ஒருநாள் எங்களில் இரண்டு மூன்று பேரைத் தன் பங்களாவுக்குக் கூப்பிட்டுச் சாப்பாட்டுக்குப் பின் போர்ட் தருவார். நல்ல விளைச்சல் வருடத்தில் மட்டும் போத்தலில் அடைத்து, இருபது முப்பது வருடம் படுக்க வைத்திருக்கும் போர்த்துக்கல் வைன் அது. கறுப்புச் சிவப்பு, இனிப்பு, குடித்த பிறகும் தொண்டையில் கொஞ்ச நேரம் நிற்கும். வருடங்கள் போகப் போக அடியில் மண்டி சேரும். அதைக் கலங்காமல் வடித்துக் கண்ணாடிக் கூஜாவில் எடுக்க வேண்டும். திறந்தால் ஓரிரு நாளுக்குள் முடித்துவிட வேண்டும், அதனால் ஒற்றை ஆள் வைத்துக் குடிக்கிற சாமானில்லை, கூட்டம் வேண்டும். நான் பென்ஷன் எடுத்து மூன்றாம் வருடம் அவர் ஒரு கடிதம் எழுதினார். வயதாகிவிட்டது, டாக்டர் குடிக்கக் கூடாதென்கிறார், நான்கு வேறு வேறு வருடத்து போர்ட் ஆறு போத்தல் இருக்கின்றன, கப்பலில் அனுப்பட்டுமா என்று. கடிதத்தை நான் எத்தனை பேருக்கு வாசித்துக் காட்டினேன் என்று உனக்குத் தெரியும். பாசாரில் மீன்காரனுக்குக்கூடச் சொன்னேன் என்று நீ என்னைக் கேலி செய்தாய்.

அந்த நேரத்தில்தான் நீ எனக்குக் குமரேசனைப் பற்றிச் சொன்னாய். கிள்ளானில் நீ படிப்பித்த பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு பிள்ளையின் அண்ணன், தங்கச்சியின் ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போட வந்து பழக்கமானவன், போர்ட் கிள்ளானில் கப்பல் சாமான் எடுத்துக்கொடுக்கிற கம்பெனியில் கிளார்க். "பெட்டியை எடுக்கிறதுக்கு அவர் உதவி செய்வார் அப்பா" என்றாய். சொல்லும்போது உன் முகத்தைப் பார்த்தே மிச்சத்தை விளங்கிக்கொண்டேன். அவனுடைய அப்பா கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர், கள்ளுக்கடையே கதியென்று கிடந்து ஈரல் கெட்டுச் செத்தவர். அதையும் நீயே சொன்னாய், ஒளிக்கவில்லை. நாங்கள் சிலோன்காரர், தாத்தா காலத்திலிருந்து அரசாங்கக் கச்சேரி உத்தியோகம், பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீட்டுப் பிள்ளை யாரைக் கட்டுகிறாள் என்று ஊரே பார்க்கும், இந்த எண்ணமெல்லாம் எனக்குள் ஓடியது. இன்றைக்கு எழுதும்போது கூசுகிறது. அன்றைக்கு அதைக் கௌரவம் என்று நினைத்தேன்.

ஆனால் பெட்டியை எடுத்துத் தர மட்டும் அவன் வேண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை விடியற்காலை, வெயில் ஏறுமுன், யாரிடமோ கார் இரவல் வாங்கிக்கொண்டு போர்ட் கிள்ளானிலிருந்து வந்தான். பின் சீட்டில் நனைத்த கோணிச் சாக்கு விரித்து, போத்தல்களை வரிசையாகப் படுக்க வைத்து, ஒன்றோடொன்று இடிக்காமல் இடையில் பழைய துணி செருகியிருந்தான். "அங்கிள், எல்லா போத்தல்லயும் ஒரு பக்கம் மட்டும் வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி இழுத்திருக்கு. அந்தப் பக்கம் மேல இருக்கற மாதிரியே கொண்டாந்தேன். ஏன்னு தெரியல, ஆனா போட்டவன் சும்மா போட்டிருக்க மாட்டான்ல" என்றான். அந்தக் கோடு எதற்கென்று எனக்குத் தெரியும். மண்டி எந்தப் பக்கம் படிந்திருக்கிறதென்று காட்டுகிற அடையாளம் அது, கீழ்மேலாய்ப் புரட்டினால் அத்தனை வருடப் படிவும் கலங்கிவிடும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாகக் கவனித்திருக்கிறான். எனக்கு அவன்மேல் அந்த நிமிடம் மதிப்பு வந்தது. வந்ததே என்று கோபமும் வந்தது. "சரி தம்பி, தேங்க்ஸ்" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினேன். பால் விடாத ஒரு 'கோப்பி ஓ'கூடக் குடிக்கச் சொல்லவில்லை.

பிறகு மூன்று மாதம் போத்தல்கள் ஏர்கண்டிஷன் அறையில் என் கட்டிலுக்குக் கீழே தூங்கின. நான் ஆயத்தம் செய்தேன். நான் உட்படப் பதினொரு பேர், எல்லாரும் எங்கள் வட்டத்து ரிட்டயர்ட் ஆட்கள். எல்லாரிலும் மூத்தவர் டாக்டர் அங்கிள், அப்போதே எழுபத்தெட்டு. தலைக்கு நான்கு கிளாஸ் வேண்டுமே என்று நீ பங்சாரில் உன் சிநேகிதிகள் வீடு வரைக்கும் போய் இரவல் வாங்கினாய். முறுக்கு மேசைக்கு வரவே கூடாது, உறைப்பு நாக்கைக் கெடுக்கும் என்று நான் சட்டம் போட்டேன். டாக்டர் அங்கிள் வந்து கதிரையில் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளை, முறுக்கு இல்லையோ?"

அதற்கு ஒரு வாரத்துக்கு முன் நீ என்னிடம் வந்து, "அவரையும் கூப்பிடுவமே அப்பா. எல்லாரும் ஒருக்கா அவரைப் பாக்கட்டும்" என்றாய். பிறகு மெதுவாக, "அவர் குடிக்கமாட்டார். அவற்ற அப்பாவால. ஆனால் நீங்கள் கூப்பிட்டால் உங்களுக்காக வந்து ஒரு வாய் குடிப்பன் எண்டு சொன்னவர்" என்றாய். நான் உடனே சரியென்றேன். உனக்கு எவ்வளவு சந்தோஷம். அப்பா இறங்கி வந்துவிட்டார் என்று நினைத்தாய். என் மனதில் என்ன இருந்தது என்று இத்தனை வருடமாக எனக்கே நான் வேறு வேறு விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். உண்மை ஒன்றுதான். அந்த மேசையில் அவன் எங்கள் ஆளில்லை என்று நீயே உன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன்.

விதிமுறைகளை ஒரு பக்கத்தில் எழுதி உன்னிடம் தந்தேன். நீ மூன்று கார்பன் வைத்து மூன்று தரம் டைப் அடித்துப் பன்னிரண்டு பிரதி எடுத்தாய். ஒவ்வொன்றின் மேலும் உன் கையாலேயே பெயர் எழுதினாய். சென்ட் பூசி வரக் கூடாது, சுருட்டுப் பிடிக்கக் கூடாது, எல்லாரும் குடித்து முடிக்கும்வரை ருசியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. அதில் முக்கியமானது வெள்ளைக்காரர்களுடைய பழைய வழக்கம். கூஜா எப்போதும் இடப்பக்கம்தான் போகும். வாங்கியவர் தன் கிளாஸில் ஊற்றிக்கொண்டு இடப்பக்கம் இருப்பவரிடம் தர வேண்டும். வலப்பக்கம் திரும்பக் கூடாது, எழும்பக் கூடாது, வயது பார்க்கக் கூடாது. நீ அடுக்கி என் கையில் தந்த தாள்களை நான்தான் மேசையில் வைத்தேன். பதினொன்றை வைத்தேன். பன்னிரண்டாவதை நாலாக மடித்து என் கால்சட்டைப் பாக்கெட்டில் போட்டேன்.

இதுதான் நான் சொல்ல வந்தது. ஒருதரம் எழுதிவிட்டேன், இனி அழிக்கப் போவதில்லை. குமரேசன் பெயர் எழுதிய தாளை நான் அவன் முன்னால் வைக்கவே இல்லை.

அதோடு நிற்கவும் இல்லை. அவனை எனக்கு நேர் இடப்பக்கம் உட்கார வைத்தேன், மரியாதையான இடம் என்று நீ பூரித்துப்போனாய். அங்கே உட்கார்ந்தால்தான் கூஜா முதலில் அவன் கைக்கு வரும், மற்றவர்களைப் பார்த்துப் பழக நேரம் இருக்காது. என் வலப்பக்கம் டாக்டர் அங்கிள். நான் எனக்கு ஊற்றிக்கொண்டு கூஜாவை அவனிடம் தந்தேன். அவன் மேசையைச் சுற்றி ஒரு தரம் பார்த்தான். நல்ல வளர்ப்புள்ள எந்தத் தமிழ்ப் பிள்ளையும் செய்வதைத்தான் செய்தான். அத்தனை பெரியவர்கள் இருக்கத் தன் கிளாஸில் முதலில் ஊற்ற அவனுக்கு மனம் வரவில்லை. எழுந்தான். என் கதிரைக்குப் பின்னால் சுற்றி வந்து, வலது கையில் கூஜாவைப் பிடித்து, இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டு, குனிந்து, எல்லாரிலும் மூத்தவரான டாக்டர் அங்கிளுக்கு ஊற்றினான். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

யாரோ இருமினார்கள். யாரோ சிரித்தார்கள். "தம்பி தாளை வாசிக்கேல்லைப் போல கிடக்கு" என்று கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது. நான் அப்போது சொன்னதை நீ கதவோரம் சீஸ் தட்டோடு நின்று கேட்டாய். "தம்பி, இது கள்ளுக்கடை இல்லை. இங்க ஒரு ஒழுங்கு இருக்கு" என்றேன். அவனுடைய அப்பா எப்படிச் செத்தார் என்று தெரிந்துகொண்டே சொன்னேன். அவன் நிமிர்ந்து மேசையைப் பார்த்தான். ஒவ்வொரு இடத்திலும் வெள்ளையாக ஒரு தாள், தன் இடத்தில் மட்டும் இல்லை. பிறகு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் எல்லாம் தெரிந்துவிட்டது எனக்கு. "சாரி அங்கிள், நான்தான் கவனிக்கல" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தான். டாக்டர் அங்கிள் மட்டும் கிளாஸை இரண்டு கையாலும் எடுத்து, "நல்லா ஊத்தினீர் தம்பி, இருந்து குடியும்" என்றார். குமரேசன் குடித்தான். நான்கு கிளாஸையும், வாழ்க்கையில் முதல் தடவையாக, மருந்து குடிப்பது போலக் குடித்தான். ஆறு மணிக்கு எல்லாருக்கும் கும்பிட்டு விடைபெற்றுப் போனான். மற்றவர்கள் அறுபத்து மூன்றாம் வருடத்துப் போத்தலைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். எனக்கு எதிலும் ருசி தெரியவில்லை.

அன்றைக்கு நீ கிளாஸ் கழுவிக்கொண்டே கேட்டாய். "அப்பா, அவருக்கும் தாள் வச்சனீங்கள்தானே?" நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, பைப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். "வச்சனான் பிள்ளை. எல்லாருக்கும் வச்சனான்" என்றேன். அவ்வளவு இலகுவாக வந்தது. பிறகு நீங்கள் இரண்டு பேரும் சண்டை பிடித்தது எனக்குத் தெரியும். உங்கட பேரை நானே எழுதினன், ஒரு பக்கத்தை வாசிக்க உங்களுக்கு ஏலாமப் போச்சோ, என்ர ஆக்களுக்கு முன்னால என்னை இப்படி நிக்க வச்சிட்டீங்களே என்று நீ போனில் அழுதாய். அவன் பதிலுக்கு வாதாடவே இல்லையாம், சாரி என்று மட்டும் சொன்னானாம். அந்தச் சாரிதான் உன்னை இன்னும் எரிய வைத்தது. இவருக்கு என்மேல் அக்கறையே இல்லை என்று நினைத்தாய். நானும் விடவில்லை. "ஒரு தாளை வாசிக்காதவன் நாளைக்கு உன்னை எப்படிக் கவனிப்பான்" என்று ஊதிக்கொண்டே இருந்தேன். மூன்று மாதத்தில் முடிந்துபோயிற்று. நான் வேறு வரன்கள் கொண்டுவந்தேன், ஒவ்வொருவருக்கும் நீ வேண்டாமென்றாய். உன் அம்மா உயிரோடு இருந்திருந்தால் ஒரே நாளில் என் வாயிலிருந்து உண்மையைப் பிடுங்கியிருப்பாள். உனக்கு நான் ஒருவன்தான் இருந்தேன், என்னை நீ நம்பினாய்.

போன செவ்வாய்க்கிழமை சேலைகளை மடித்துக்கொண்டிருந்தபோது, நான் கேட்காமலேயே நீ சொன்னாய், "எனக்கு ஆக்களைப் பார்த்துத் தெரிஞ்செடுக்கத் தெரியாதப்பா. ஒருக்கா தெரிஞ்செடுத்தன், பிழைச்சுப்போச்சு. தனிய இருக்கிறதுதான் எனக்குச் சரி." நான் "அப்பிடிச் சொல்லாதை பிள்ளை" என்றேன். அடுத்த நாள் கண் டாக்டரிடம் போகிறேன் என்று உன்னிடம் இன்னொரு பொய் சொல்லிவிட்டு, கோமுட்டர் ரயில் ஏறிப் போர்ட் கிள்ளானுக்குப் போனேன்.

அவன் இப்போது சொந்தமாக ஒரு சின்ன ஆபீஸ் வைத்திருக்கிறான். மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள். தலை பாதி நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் எழுந்து, "உக்காருங்க அங்கிள்" என்று ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டான். குடிக்கத் தே ஓ வரவழைத்தான். நான் எதையோ சுற்றிவளைத்து ஆரம்பித்து, கடைசியில் தாளைப் பற்றிச் சொன்னேன். அவன் தலையாட்டினான்.

"அன்னிக்கே தெரியும் அங்கிள். மொத நாளே அவங்க போன் பண்ணி, உங்க பேரை நானே எழுதியிருக்கேன், படிச்சிட்டு உக்காருங்கன்னு சொன்னாங்க. வந்து பார்த்தா என் முன்னாடி மட்டும் இல்ல. கேக்கலாம்னு வாயெடுத்தேன், அதுக்குள்ள நீங்க கூஜாவைக் கையில குடுத்துட்டீங்க."

"பிறகு ஏன் அவளிட்டச் சொல்லேல்லை?" என்றேன்.

மேசையில் இருந்த ரசீதுக் கட்டைத் தட்டித் தட்டி அடுக்கினான். "என்ன சொல்றது அங்கிள். அம்மா இல்லாத பொண்ணு. வீட்டுல நீங்க ஒருத்தர்தான். நான் சொல்லி அவங்க என்னை நம்பினா, உங்களை வெறுக்கணும். நான் எங்கப்பாவை வெறுத்துக்கிட்டே வளந்தவன். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அவங்களுக்கு அது வேணாம்னு நெனச்சேன். என்னை வெறுத்தா பரவால்ல லா, நாலு வருஷத்துல மறந்துரும்."

என்னால் அந்தத் தேத்தண்ணியைக் குடிக்க முடியவில்லை. நீ பெர்த்துக்குப் போவதைச் சொன்னேன். "நல்லது அங்கிள். இப்ப போய் இதைச் சொல்லிராதீங்க, நிம்மதியா போகட்டும்" என்றான். என்னை ஸ்டேஷன் வரை காரில் கொண்டுவந்து விட்டான். இறங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டேன். "சரி அங்கிள், பார்த்துப் போங்க" என்றான். மன்னித்தானா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

அவன் சொன்னபடி வாயை மூடிக்கொண்டு இருந்துவிடத்தான் முதலில் நினைத்தேன். எனக்கு அது வசதியும்கூட. ஆனால் நீ நிம்மதியாகப் போகவில்லையே. ஆட்களைத் தெரிந்தெடுக்கத் தெரியாதவள் என்று உன்னை நீயே தீர்மானித்துக்கொண்டல்லவா போகிறாய். அங்கே யாராவது நல்ல மனுஷன் உன்னோடு பேச வந்தால், என் கணிப்புப் பிழை என்று விலகிப் போவாய். அது என்னால் வந்தது. மகளே, நீ தெரிந்தெடுத்தது சரி. இருபத்தேழு வயதில், கூட யாருமில்லாமல், அவ்வளவு சரியாக ஒரு ஆளைத் தெரிந்தெடுத்தாய். பிழை அத்தனையும் என்னுடையது. புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். உன் மேசையில் யாராவது தெரியாமல் ஒரு முறை தவறினால், உடனே நீயும் எழுந்து அதே தவறைச் செய். நானும் அன்றைக்கு எழுந்து எதிரில் இருந்தவருக்கு ஊற்றியிருந்தால் போதும், பத்துப் பேரும் சிரித்துக்கொண்டே எழுந்திருப்பார்கள். அதற்கு எனக்கு ஒரு நிமிடம் இருந்தது.

இந்தக் கடிதத்தை உன் பெட்டிக்குள் சேலைகளுக்கு நடுவே வைத்து அனுப்பலாம் என்றுகூட யோசித்தேன். நீ அங்கே போய் வாசிப்பாய், உன் முகத்தை நான் பார்க்க வேண்டியிருக்காது. பிறகுதான் உறைத்தது, ஒளித்து வைக்கிற அதே பழைய புத்தி. ஆகவே இப்போது எழுந்து வரப் போகிறேன். என்னை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போவதா வேண்டாமா, அங்கிருந்து போன் எடுப்பதா வேண்டாமா, எல்லாம் உன் விருப்பம். பன்னிரண்டு வருடமாக நீ என்னை அப்பா என்று கூப்பிட்டது அந்தப் பிள்ளை தன் வாயைக் கட்டிக்கொண்டு எனக்கு விட்டுத்தந்தது. இனிமேல் அதை நீ தந்தால்தான் உண்டு.

உன் கதவைத் தட்டி இதை உன் கையில் தரப் போகிறேன். நீ வாசித்து முடிக்கும்வரை வெளியே நிற்பேன்.